ஊரில் எரியும் ஹீட்டர் மலையில் ஏன் அணைகிறது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே தொல்லையோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். மலேசியாவில், கேமரன் மலை அடிவாரத்துத் தாப்பாவில் இருக்கிறீர்கள். பழைய சரக்கு வேனை வாங்கி, படுக்கை, அடுப்பு, குளியலிடம் எல்லாம் வைத்து மோட்டார் ஹோம் ஆக்கியிருக்கிறீர்கள். ஐரோப்பிய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய 5 கிலோவாட் டீசல் ஹீட்டரைப் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கி மாட்டினீர்கள். அது கூலண்டை, அதாவது ஹோஸ்களில் சுற்றும் கலவை நீரை, சூடாக்குகிறது. ஒரு பம்பு அந்தச் சூட்டை இரண்டு விசிறி ரேடியேட்டர்களுக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் சுற்றி அனுப்புகிறது. மொத்தம் 10 லிட்டர் கூலண்ட். தாப்பாவில் வீட்டு வாசலில் போட்டால் பத்து நிமிடம் நன்றாக ஓடித் தானே நிற்கிறது. கேமரன் மலை ஏறி, பிரிஞ்சாங்கில் இரவு தங்கிப் போட்டால் வெள்ளைப் புகை விடுகிறது, இன்னொரு முறை முயல்கிறது, அடங்கிவிடுகிறது. ஒரு பட்டறையில் காட்டியதற்கு, கட்டுப்பாட்டுப் பெட்டி போய்விட்டது, 1,800 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

அந்தப் பெட்டி செத்திருந்தால் உங்கள் ஹீட்டர் எதையும் செய்திருக்காது. நீங்களே எழுதியிருப்பதைப் பாருங்கள்: விசிறி சுற்றுகிறது, டீசல் வருகிறது, தீ பிடிக்காததும் மறுபடி ஒரு முறை முயல்கிறது, அதுவும் தோற்றதும் டீசலை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் சற்று ஓடவிட்டு அணைகிறது. இவ்வளவும் அந்தப் பெட்டி பார்த்து, நேரம் எண்ணி, முடிவெடுத்துச் செய்கிற வேலை. இறந்துபோன கங்காணியா காலையில் பெரட்டுக்கு ஆள் எண்ணுவார்?

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். செம்பனை ஆலையில் கொதிகலன் பகுதியில் இருந்துவிட்டு, பிறகு லூமுட்டில் படகு பழுதுபார்க்கும் இடமொன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். குளிர் நாடுகளிலிருந்து வரும் பாய்மரப் படகுகளில் உங்களுடையதைப் போன்ற ஹீட்டர்தான் இருக்கும். வேனுக்கும் படகுக்கும் ஒரே இயந்திரம். ஒரு படகில் இதே வெள்ளைப் புகை. நான் பெரிய அறிவாளி போலப் பெட்டியைக் குற்றம் சொல்லி, புதியதை வரவழைத்து, மாட்டிவிட்டுப் பார்த்தேன். அதே புகை. கடைசியில் பார்த்தால், மின்கலத்திலிருந்து வரும் கறுப்பு வயரின் முனை, உறைக்கு உள்ளே பச்சை பிடித்து, நாலைந்து இழைகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. வெட்டி, புது முனை போட்டதும் முதல் முயற்சியிலேயே எரிந்தது. அந்தப் படகுக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி உங்கள் வேனுக்கு வருவோம். இது கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய இயந்திரம். சுவிட்சைப் போட்டதும் விசிறி மெல்லச் சுற்றும், தண்ணீர் பம்பு முனகும். அடுத்த ஒரு நிமிட அளவுக்கு வெளியே எதுவும் நடக்காதது போல இருக்கும். உள்ளே டீசலைப் பற்றவைக்கும் சின்னச் சூடேற்றி, அதாவது குளோ பிளக், பழுத்துக்கொண்டிருக்கிறது. பிறகு டீசலை அளந்து விடும் சின்னப் பம்பு, பல்லி சத்தமிடுவது போல ‘டிக், டிக்’ என்று தொடங்கும். சற்று நேரத்தில் தீ பிடித்து, சத்தம் ஏறி, ஒரு சீரான இரைச்சலாகும். உங்களுடையது இதில் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதே நோயின் பெயர்.

வெள்ளைப் புகை என்பது எரியாத டீசலின் ஆவி. அப்படியானால் டீசல் எரியறைவரை வந்துவிட்டது, தீதான் பிடிக்கவில்லை. புகையே இல்லாமல் தோற்றிருந்தால் நான் டீசல் குழாயைச் சந்தேகித்திருப்பேன். கறுப்புப் புகை வந்திருந்தால் காற்றுப் போதவில்லை, கரி அடைத்திருக்கிறது என்றிருப்பேன். வெள்ளை என்பதால் முதலில் கேட்க வேண்டியது: குளோ பிளக் உண்மையிலேயே பழுக்கிறதா?

அது பழுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். ஹீட்டர் நன்றாக எரியத் தொடங்கிய பின் தேவைப்படுவது அதில் சிறு பகுதிதான். எனவே மின்சாரத்தில் குறை இருந்தால் அது தொடக்கத்தில்தான் காட்டிக்கொடுக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில், போக ஐந்து மீட்டர் வர ஐந்து மீட்டர் என்று 10 ஆம்பியர் ஓடினால், ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். முனைகள் சரியாக அழுத்தப்படாமல் இருந்தால் இன்னும் அரை வோல்ட் போகும். தாப்பாவில் நீங்கள் சோதிப்பது வேனை ஓட்டி வந்து நிறுத்திய சூட்டில், அல்லது வீட்டு மின்சாரத்தில் சார்ஜரைச் செருகிய நிலையில். அப்போது மின்கலம் 13 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஒன்றரை வோல்ட் தொலைந்தாலும் சமாளிக்கும். பிரிஞ்சாங்கிலோ குளிர்ப்பெட்டியும் விளக்கும் மாலையிலிருந்து ஓடி, நடு இரவில் மின்கலம் 12.2-க்கு இறங்கியிருக்கும். சுமை ஏறியதும் 11.7. வழிச்செலவு போக ஹீட்டருக்குக் கிடைப்பது 10.5-ஐ ஒட்டி. அதற்குக் கீழே போனால் பெட்டி மின்னழுத்தம் குறைவு என்று நிறுத்திவிடும். அதற்குச் சற்று மேலே நின்றால்தான் தொல்லை: நிறுத்தவும் நிறுத்தாது, பிளக் போதிய அளவுக்குப் பழுக்கவும் பழுக்காது. டீசல் அதன் மேல் விழுந்து ஆவியாகி வெள்ளையாய் வெளியே போகும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

ஆகவே ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். மின்கலத்தின் மேல் வைத்து அளப்பதால் பயனில்லை. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், எல்லோருக்கும் ‘மின்கலம் நன்றாக இருக்கிறது’ என்றே வரும். ஹீட்டருக்குள் நுழையும் வயர் இணைப்பானின் பின்பக்கம், சிவப்பு, கறுப்பு இரண்டிலும் முனையைக் குத்தி, சுவிட்சைப் போட்டு, அந்த ஒரு நிமிடம் முழுவதும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருங்கள். 11.5-க்குக் கீழே விழுந்தால் வயரை மாற்றுங்கள்: 6 சதுர மில்லிமீட்டர், மின்கலத்திலிருந்து நேராக, நடுவே ஒரே ஒரு ஃபியூஸ். கறுப்பு வயரை வேனின் உடலில் ஏதோ ஒரு போல்ட்டில் கட்டியிருந்தால் அதையும் கழற்றி நேராக மின்கலத்துக்கே கொண்டுபோங்கள். இதற்கு ஆகும் செலவு அந்த 1,800 வெள்ளியில் ஒரு சிறு துண்டு.

ஒரு எச்சரிக்கை. குளோ பிளக்கைக் கழற்றி மின்கலத்தில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. செய்யாதீர்கள். சில ஹீட்டர்களில் 12 வோல்ட் வண்டியிலும் 8 வோல்ட் பிளக்தான் இருக்கும். பெட்டி அதைக் குறைத்துக் கொடுக்கிறது. நேராக 12 கொடுத்தால் அழகாகப் பழுக்கும், ஒரு முறை மட்டும். வேறு சில வகைகளில் பிளக் பீங்கானால் ஆனது. ஸ்பேனர் பட்டால் போதும். மின்தடையை மட்டும் அளந்து கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, ‘தாப்பாவில் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது’ என்கிறீர்களே, அதை நான் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கணக்குப் போடுவோம். 10 லிட்டர் கூலண்டை 5 கிலோவாட் சூடாக்கினால், சூடு வேறெங்கும் போகாவிட்டால், ஐம்பது பாகை ஏற ஆறேழு நிமிடம் போதும். நம் ஊரில் தண்ணீரே 30 பாகையில் தொடங்குகிறது. ரேடியேட்டர் விசிறிகளையும் நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள். தாப்பா வெயிலில் யார் போடுவார்கள்? 80-ஐத் தொட்டதும் ஹீட்டர் தீயைக் குறைத்து, பிறகு தானே ஓய்வெடுக்கும். அது சரியான நடத்தைதான், ஆனால் இயந்திரத்துக்கு அது பரீட்சையே இல்லை. விசிறிகளை முழு வேகத்தில் வைத்து, கதவுகளைத் திறந்து, வெந்நீர்த் தொட்டியில் குளிர்ந்த நீரை நிரப்பி, அரை மணி நேரம் ஓட விடுங்கள். அதுதான் சோதனை.

அப்படி ஓடும்போது ஹீட்டரிலிருந்து வெளியேறும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் கையால் தொட்டுப் பாருங்கள். சூட்டைப் பார்த்துத் தொடுங்கள். இரண்டுக்கும் சுமார் 10 பாகை வேறுபாடு இருந்தால் தண்ணீர் ஒழுங்காகச் சுற்றுகிறது. ஒன்று கொதித்து மற்றது குளிர்ந்திருந்தால், அல்லது ஹீட்டர் இரண்டு மூன்று நிமிடத்திலேயே தீயை நிறுத்திக்கொண்டால், உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அந்தச் சின்னப் பம்பு தண்ணீரைத் தள்ளும், காற்றைத் தள்ளாது. வீட்டிலேயே உருவாக்கிய வேன்களில் ஹோஸ் ஏறி இறங்கி, படுக்கைக்கு மேல் போய், சக்கர வளைவைச் சுற்றி வரும். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு குமிழி குடியிருக்கும்.

காற்றெடுக்க நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது: தோட்டத்துப் பாதையில் மேடு பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. கூலண்ட் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் உயரும்படி வேனைச் சரிவில் நிறுத்துங்கள். பிரேக்கோடு சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். தொட்டியின் மூடியைத் திறந்து, தீ இல்லாமல் தண்ணீர் பம்பை மட்டும் ஓட விடுங்கள். ஹோஸ்களைத் தொலைவிலிருந்து தொட்டியை நோக்கி ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வாருங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால், குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும்வரை திறந்து வையுங்கள். அளவு குறையக் குறைய ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் பிடிக்கும். அவசரக்காரனுக்கு ஏற்ற வேலை இல்லை இது.

ஊற்றுவது குழாய்த் தண்ணீராக இருக்கக் கூடாது. ‘இந்த ஊரில் எங்கே தண்ணீர் உறையப் போகிறது, கூலண்ட் எதற்கு’ என்று கேட்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். அலுமினிய வெப்பப் பரிமாற்றி அரிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் மற்ற வேலைகள், அவை நமக்கும் வேண்டும். மலையில் இன்னும் அதிகம் வேண்டும்: 1,500 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். தொட்டியின் மூடி அழுத்தம் தாங்காத தளர்ந்த மூடியாக இருந்தால், தாப்பாவில் அமைதியாக இருந்த தண்ணீர் பிரிஞ்சாங்கில் குமிழி விடும். குமிழி என்றால் மறுபடி காற்றடைப்பு. கலந்தே விற்கும் கூலண்டை வாங்குங்கள். பச்சையையும் சிவப்பையும் சேர்த்து ஊற்றாதீர்கள், கஞ்சியாகிவிடும் வகைகள் உண்டு. வெந்நீர்த் தொட்டிச் சுருளில் ஓட்டை விழுந்தால் கூலண்ட் குளிக்கும் தண்ணீரில் கலக்கும். அதனால் எத்திலீன் கிளைக்கோல் வேண்டாம், நஞ்சு குறைந்த புரொப்பிலீன் கிளைக்கோல் கேட்டு வாங்குங்கள். பழையதைக் கண்ட இடத்தில் கொட்டாதீர்கள். எத்திலீன் வகை இனிக்கும், நாய் நக்கும், செத்துப்போகும்.

உயரத்தைப் பற்றி. தாப்பாவிலிருந்து 59-ஆம் எண் சாலையில் லாத்தா இஸ்கண்டார், ரிங்லெட், தானா ராத்தா என்று ஏறி பிரிஞ்சாங் சேரும்போது காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கும். உங்கள் டீசல் பம்புக்கு அது தெரியாது. கீழே கொடுத்த அளவையே மேலேயும் கொடுக்கும். காற்றுக் குறைவு, டீசல் அதே அளவு: தீ மஞ்சளாகிக் கரி படியும். இந்த வகை ஹீட்டர்கள் பொதுவாக 1,500 மீட்டர்வரை கவலையின்றி ஓடும்படி செய்யப்பட்டவை. பிரிஞ்சாங் அந்த எல்லையிலேயே இருக்கிறது. ஓரிரு இரவு தங்கினால் கெட்டுவிடாது. குனோங் பிரிஞ்சாங் உச்சிக்கு, 2,000 மீட்டருக்கு மேல், ஏறி அங்கே இரவெல்லாம் ஓட்டுவது வேறு கதை. அதற்கு உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் துணைக்கருவி வேண்டும். சில புதிய வகைகளில் அது உள்ளேயே இருக்கும். உங்கள் வெள்ளைப் புகைக்கு உயரம் முதற்காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஏற்கனவே கரி படிந்து மூச்சுத் திணறும் எரியறைக்கு அது கடைசி உதையாக இருந்திருக்கலாம்.

‘பாமாயில் டீசல் மலைக் குளிரில் கட்டிவிடுகிறது’ என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கலப்பில்லாத பாமாயில் டீசல் 15 பாகை அளவில் மங்கத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் நம் பங்க்குகளில் விற்பது அதில் சிறு பங்கு மட்டுமே கலந்தது. பிரிஞ்சாங் இரவு அதைக் கட்டிவிடாது. அந்தக் கலப்பு வேறு விதத்தில் கெடுக்கும்: ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் கிடந்தால் பிசுபிசுக்கும். ஹீட்டருக்கென்று தனித் தொட்டி வைத்து, சென்ற ஆண்டு ஊற்றிய டீசல் இன்னும் அதில் இருந்தால், வடித்து ஊற்றிவிட்டுப் புதியது நிரப்புங்கள். வடிகட்டியையும் மாற்றுங்கள். டீசல் பம்பு தொட்டிக்கு அருகே, வெளியேறும் வாய் மேல்நோக்கி இருக்கும்படி சாய்ந்து இருக்க வேண்டும். குழாய் இணைப்புகளில் ரப்பருக்குள் இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும்; நடுவே இடைவெளி விட்டால் குமிழி அங்கே தங்கி, தீயைத் தின்றுவிடும். சந்தேகமிருந்தால் ஹீட்டர்ப் பக்கத்தில் குழாயைக் கழற்றி ஒரு அளவுக் குப்பிக்குள் விட்டு, கையேடு சொல்லும் நேரத்தில் எத்தனை மில்லிலிட்டர் வருகிறது என்று பாருங்கள்.

இதெல்லாம் ஒழுங்காக இருந்தும் வெள்ளைப் புகை வந்தால் ஹீட்டரைத் திறக்க வேண்டியதுதான். திறக்கும் முன் புகைக்குழாயையும் காற்றுக் குழாயையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். நம் நாட்டில் குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்ட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் ஒரு படகில் காற்றுக் குழாயின் பாதியை அடைத்திருந்த மண் கூட்டை எடுத்திருக்கிறேன். எரியறைக்குள் கரி இருந்தால் மரக்குச்சியாலும் தூசு உறிஞ்சியாலும் எடுங்கள். இரும்பால் சுரண்டினால் அலுமினியம் தாங்காது. குளோ பிளக்கைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி வலை இருக்கும். டீசல் அதில் பரவித்தான் ஆவியாகிறது. அதைக் கழுவி மறுபடி போடலாம் என்று பார்க்காதீர்கள், புதியது போடுங்கள். திறந்த இடத்து கேஸ்கெட் எல்லாமும் புதியதாக இருக்க வேண்டும், ஏனெனில் அங்கே கசிவது கார்பன் மோனாக்சைடு. வாசனை இல்லாதது, தூங்குகிறவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும். அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி வேனுக்குள் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே வாங்குங்கள். மற்ற எல்லாம் நாளைக்கு.

ஓரிடத்தில் மட்டும் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டும். புகை வந்ததும் பயந்து மின்கலத்தின் முதன்மைச் சுவிட்சையே அணைத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஹீட்டரை அதன் சுவிட்சில்தான் நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகு இரண்டு மூன்று நிமிடம் விசிறியும் பம்பும் ஓடி உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றும். மின்சாரத்தை வெட்டினால் அந்தச் சூடு முழுவதும் உள்ளேயே வெந்து, மிஞ்சிய டீசல் கரியாகி ஒட்டிக்கொள்ளும். உங்கள் எரியறையில் கரி இருந்தால் பாதிக்கு மேல் இந்தப் பழக்கம் செய்தது.

மீதிப் பாதியைச் செய்தது சும்மா கிடந்தது. குளிர் நாட்டில் இந்த இயந்திரம் வேலை செய்து தேய்கிறது. நம் நாட்டில் வேலையின்றிக் கெடுகிறது. பள்ளி விடுமுறைக்கு ஒரு முறை மலை ஏறுவது, மற்ற மாதமெல்லாம் செம்பனை நிழலில் ஈரத்தில் நிற்பது. மாதத்துக்கு ஒரு முறை கால் மணி நேரம், விசிறிகளையும் போட்டு ஓட விடுங்கள். வியர்த்துக் கொட்டும், அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பல முறை தோற்றபின் பெட்டி தன்னைப் பூட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். பூட்டைத் திறக்கும் முறை ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு. உங்கள் ஹீட்டரின் தகட்டில் உள்ள மாதிரி எண்ணை வைத்துக் கையேட்டைத் தேடுங்கள். பூட்டிய பெட்டியைச் செத்த பெட்டி என்று அந்தப் பட்டறையில் நினைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

இந்த வாரம் வயரை அளந்து பாருங்கள். சார்ஜரைக் கழற்றி, விளக்கையும் குளிர்ப்பெட்டியையும் மாலையிலிருந்து ஓடவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் வீட்டு வாசலிலேயே ஹீட்டரைப் போடுங்கள். பிரிஞ்சாங்கில் வந்த வெள்ளைப் புகை தாப்பாவிலும் வந்தால், மலையேறாமலேயே ஆளைப் பிடித்துவிட்டோம். குளோ பிளக் பழுக்கும் நேரத்தில் ஹீட்டரின் வயர் இணைப்பானில் கண்ட மிகக் குறைந்த வோல்ட்டையும், அரை மணி நேரச் சோதனையில் இரண்டு ஹோஸ்களின் சூட்டையும் குறித்து எனக்கு எழுதுங்கள். அடுத்து எதைத் திறப்பது என்று சொல்கிறேன்.